மெக்வாரியர் ஆன்லைன்: அட்லஸ் முதுகுக்கு எவ்வளவு ஆர்மர் போதும்?

வேளச்சேரி_வேங்கை:

அண்ணன்மாரே, மெக்குங்கிற ராட்சத ரோபோக்கள் மோதுற இந்தக் கேம்ல ஏஎஸ்7-டி அட்லஸ்ங்கிற 100 டன் மெக் ஓட்டுறேன். ஸ்டாண்டர்ட் இன்ஜின். ஆர்மர் (கவசம்) ஸ்டாக்ல, அதாவது கேம்லயே கொடுத்த மாதிரியே இருக்கு: சென்டர் டார்சோ (நடு உடம்பு) முன்னாடி 94, பின்னாடி 28. சைடு டார்சோ ரெண்டும் 64, 20. நேருக்கு நேர் மோதினா சென்டர் டார்சோ காலியாகி மெக் விழுது, முதுகு ஆர்மர் மட்டும் கீறல் படாம அப்படியே இருக்கு. அதை எடுத்து முன்னாடி போடலாமா? எவ்வளவு வரைக்கும்? பூஜ்யம் வைக்கிறவங்களும் இருக்காங்களே, அது சரியா? ஃபெர்ரோ ஃபைப்ரஸ்ங்கிற எடை குறைஞ்ச ஆர்மர் போட்டா முன்பக்கம் இன்னும் ஏத்த முடியுமா? சென்னையில இருந்து அமெரிக்க சர்வர்ல ஆடுறேன், பிங் (சர்வருக்குப் போய்வர ஆகுற நேரம்) 250 மில்லிசெகண்டுக்கு மேல. அதுக்கும் சேர்த்து சொல்லுங்க.

லோகோ_ஒர்க்ஸ்:

28 ரொம்ப அதிகம். முன்னாடி 112, பின்னாடி 12ன்னு மாத்துங்க.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. முன் ஆர்மரும் பின் ஆர்மரும்தான் தனித்தனி, உள்ளே இருக்கிற ஸ்ட்ரக்சர் ரெண்டு பக்கத்துக்கும் பொது. 100 டன் மெக்குக்கு சென்டர் டார்சோ ஸ்ட்ரக்சர் 62. ஆர்மர் உச்சவரம்பு அதுல ரெண்டு மடங்கு, அதாவது 124. இந்த 124ஐத்தான் முன்னும் பின்னுமா பிரிக்கிறோம். ஸ்டாக்ல 122தான் இருக்கு, ரெண்டு பாயின்ட் விட்டுப்போயிருக்கு. அந்த ரெண்டை ரெண்டு கால்ல இருந்தும் ஒண்ணொண்ணா எடுத்துக்கங்க, 82ல இருந்து 81. டன் ஏறாது.

இப்ப கணக்கு. லைட் மெக்ல ஆறு மீடியம் லேசர், ஒண்ணுக்கு 5, ஒரு ஆல்ஃபா (எல்லாத்தையும் ஒரே நேரத்துல சுடறது) 30. ஏழாவது லேசரைச் சேர்த்து அடிச்சா கோஸ்ட் ஹீட்ங்கிற கூடுதல் சூடு ஏறும், அதனால ஆறோடதான் நிறைய பேர் வருவாங்க. முதுகுல 28 இருந்தா அவன் உடைக்க வேண்டியது 28 + 62 = 90. மூணு ஆல்ஃபா. 12 இருந்தா 74. அதுக்கும் மூணு ஆல்ஃபாதான். அந்த 16 பாயின்ட் உங்களுக்கு ஒரு நொடி கூட வாங்கித் தரலை. அதையே, கால்ல எடுத்த ரெண்டோட சேர்த்து முன்னாடி போட்டா, ஸ்ட்ரக்சரோட 156 ஆக இருந்தது 174 ஆகுது. ஏசி 20ங்கிற பீரங்கியோட 20 பாயின்ட் குண்டு ஒண்ணை கூடுதலா கிட்டத்தட்ட முழுசாவே தாங்கலாம்.

12க்குக் கீழே ஏன் போக வேண்டாம்னா, ஹன்ச்பேக் 4ஜி மாதிரி ஏசி 20, மூணு மீடியம் லேசரோட ஒருத்தன் பின்னாடி வந்தா ஒரு அடி 35, ரெண்டு அடி 70. முதுகுல 8 வச்சிருந்தா மொத்தம் சரியா 70, ஆட்டம் முடிஞ்சுது. 9 வச்சா நூலிழையில தப்பிப்பீங்க. 12 வச்சா நடுவுல பட்ட ஒண்ணு ரெண்டு சில்லறை அடியையும் கழிச்சுக்கலாம். ஸ்கில் ட்ரீல வர்ற போனஸை இந்தக் கணக்குல சேர்க்கலை.

காசிமேடு_கடல்:

லோகோ சொன்ன முறை சரி. ஆனா 12ங்கிறதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. ஏசி 20ஓட நாலு மீடியம் லேசர் வந்தா ஒரு அடி 40. ரெண்டு அடி தாங்க 81 வேணும், அதாவது முதுகுல 19. அதனால 12, இல்லேன்னா 19. நடுவுல 15, 16னு வச்சா இந்த ரெண்டு கணக்குலயும் பலன் இல்லை, முன்பக்கம்தான் வீணா இளைக்கும்.

பூஜ்யம் கூடவே கூடாது. ஆர்மர் இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்கு கிரிட் (சாமானையே உடைக்கிற அடி) விழாது. பூஜ்யம்னா முதல் தோட்டாவே ஸ்ட்ரக்சர்ல படும். மெஷின் கன்னுக்கு கிரிட் வாய்ப்பு தனியா கூட்டிக் கொடுத்திருக்காங்க, லைட் மெக்காரங்க அதை மாட்டிக்கிட்டு வர்றதே இதுக்காகத்தான். அட்லஸோட வலது சைடு டார்சோவைத் திறந்து பாருங்க: சாமான் வைக்கிற 12 ஸ்லாட்ல 10 ஏசி 20க்கே போயிடுது. கிரிட் விழுந்தா பெரும்பாலும் அதுமேலதான் விழும். மெக் உயிரோட இருக்கும், துப்பாக்கி இருக்காது. போதாக்குறைக்கு நம்ம ஆளுங்க சுடறதும் நம்ம மேல படும். சந்துல முன்னாடி நிக்கிற அட்லஸ் முதுகை டீம்காரன் லேசர் உரசாத ஆட்டமே கிடையாது.

சைடு டார்சோவுக்கு உச்சவரம்பு 84, ஸ்ட்ரக்சர் 42. ஸ்டாண்டர்ட் இன்ஜின்ல 72, 12 வைங்க. சைடு போனா அந்தப் பக்கத்துக் கையும் சேர்ந்து போகும், ஆனா மெக் நிக்கும். இன்னர் ஸ்ஃபியர் வகை எக்ஸ்எல் (எடை குறைஞ்ச, சைடு டார்சோவுக்குள்ளயும் நீட்டிக்கிட்டு இருக்கிற இன்ஜின்) போட்டா கதையே வேற, ஒரு சைடு போனாலே மரணம். அப்போ பின்னாடி 19 வேணும். 18 வச்சா 60, ரெண்டு ஆல்ஃபாவோட சரி. 19 வச்சா 61, மூணாவது தேவைப்படும். அந்த ஒரு பாயின்ட்டை விடாதீங்க.

ஃபெர்ரோ உச்சவரம்பை ஏத்தாது, எடையைத்தான் குறைக்கும். ஒரு டன்னுக்கு 32 பாயின்ட்னு இருக்கிறது இன்னர் ஸ்ஃபியர் ஃபெர்ரோவுல 12 சதவீதம் கூடும். முழு ஆர்மர் 614க்கு ரெண்டு டன் மிச்சம், பதிலுக்கு 14 ஸ்லாட் போகும். எண்டோ ஸ்டீலும் (எடை குறைஞ்ச ஸ்ட்ரக்சர்) அதே 14 ஸ்லாட்தான், ஆனா 100 டன் மெக்ல 5 டன் மிச்சம். முதல்ல அதைப் போடுங்க.

வேளச்சேரி_வேங்கை:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. அப்புறம் ஏன் ஸ்டாக்ல பின்னாடி இவ்வளவு வச்சிருக்காங்க?

பக்கிங்ஹாம்_கால்வாய்:

1984ல வந்த பேட்டில்டெக் பலகை விளையாட்டோட மிச்சம் அது. அதுல அட்லஸோட சென்டர் டார்சோவுக்கு முன்னாடி 47, பின்னாடி 14. ஆன்லைன்ல அதை அப்படியே ரெட்டிப்பாக்கி 94, 28 ஆக்கினாங்க. பலகையில அடி எங்க விழணும்னு பகடைதான் முடிவு பண்ணும், நகர்ந்து முடிச்சா அடுத்த சுற்று வரைக்கும் காலைத் திருப்ப முடியாது. அங்க 14 நியாயம். இங்க எதிரி குறிபார்த்து சென்டர் டார்சோவையே அடிக்கிறான், நீங்களும் நினைச்ச நேரம் திரும்பலாம். முதுகு ஆர்மரோட வேலை, நீங்க திரும்பற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது மட்டும்தான்.

பிங் விஷயம் இதைவிட முக்கியம். சர்வர்ல ஹோஸ்ட் ஸ்டேட் ரீவைண்ட் இருக்கு. எதிரி சுட்ட நேரத்துல அவன் திரையில நீங்க எப்படி நின்னீங்களோ, அந்தக் கோலத்துக்குத்தான் அடி கணக்காகும். நம்ம திருப்பம் அங்க போய்ச் சேரவே நேரம் ஆகுது. உங்க திரையில தோளைக் காட்டிட்டீங்க, அவன் திரையில இன்னும் நெஞ்சு தெரியுது. அதனால சுட்ட கையோட டார்சோவைத் திருப்புங்க, அடி வர்றதைப் பார்த்துட்டுத் திருப்பினா தாமதம். ஆனா ஒரேயடியா முழுசா திருப்பாதீங்க, பக்கவாட்டுல நிக்கிறவனுக்கு முதுகு திறந்துடும். கை ஆர்மர் 68 இருக்கே, அதுல வாங்குங்க. இந்தப் பிங்ல நான் 12ஐ விட 19தான் சொல்வேன், முன்னாடி 105.

எல்ஆர்எம் (தூரத்துல இருந்து வர்ற ஏவுகணை) வந்தா முதுகைக் காட்டி ஓடாதீங்க, அத்தனையும் பின்னாடிதான் இறங்கும். முகத்தைக் காட்டிக்கிட்டே பின்வாங்குங்க. இடம் கிடைச்சா கட்டடத்தை ஒட்டி முதுகை வச்சு நில்லுங்க.

லோகோ_ஒர்க்ஸ்:

250 பிங்குக்கு 105, 19 சரிதான், ஒத்துக்கறேன். இதே எண்ணை லைட் மெக்குக்குக் கொண்டு போயிடாதீங்க. 35 டன் ஜென்னருக்கு சென்டர் டார்சோ மொத்தமே 44, பின்னாடி 4, 5 போதும். அங்க கால் ஆர்மரை மட்டும் குறைக்கவே கூடாது. மெக்வாரியர் 5ங்கிற இன்னொரு கேம்ல எதிரி திடீர்னு பின்னாடி வந்து இறங்குவான், அதுல முதுகுக்குத் தாராளமா வைங்க.

எந்த மெக்கா இருந்தாலும் முன்பக்கம் எங்க முடியுது, பின்பக்கம் எங்க ஆரம்பிக்குதுன்னு டெஸ்டிங் கிரவுண்ட்ஸ்ல போய்ப் பாருங்க. அங்க நிக்கிற மெக்கை ஒரே ஒரு மீடியம் லேசரால பக்கவாட்டுல இருந்து சுட்டுக்கிட்டே மெதுவா சுத்தி வாங்க, டார்கெட் படத்துல எந்தப் பகுதி நிறம் மாறுதுன்னு கவனிங்க. தோள் வழியா பின்பக்கம் எட்டிப் பார்க்கிற மெக்கா இருந்தா சைடு டார்சோ பின்னாடி நாலு பாயின்ட் கூட வைங்க.