1999 ஸ்டான்லி கோப்பை: ஸ்கேட் உள்ளே, பக் வெளியே

பஃபலோ_பக்தன்:
"1998-99 சீசனின் மறுக்க முடியாத சாம்பியன் டல்லாஸ் ஸ்டார்ஸ்" என்று ஒரு மகானுபாவர் எழுதி வைத்திருக்கிறார். மறுக்க முடியாதாம்! NHL ஐஸ் ஹாக்கி லீக் இறுதித் தொடர், டல்லாஸுக்கும் எங்க பஃபலோவுக்கும் 6-வது ஆட்டம், மூணாவது கூடுதல் நேரம், 14:51. டல்லாஸ் ஆட்டக்காரர் பிரெட் ஹல் அடிக்கும்போது அவரோட இடது ஸ்கேட் கிரீஸுக்குள்ள (வலைக்கு முன்னாடி இருக்கிற நீலப் பகுதி), பக் (ஆடுற ரப்பர் வட்டு) வெளிய. பக்குக்கு முன்னாடி கால் கிரீஸுக்குள்ள போனா, அந்த சீசன் விதிப்படி அது கோல் இல்லை. இதுல மறுக்க என்ன இருக்குன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல.

நீலக்கோடு:
வந்துட்டாரய்யா. விதியில பாதியைப் படிச்சா இப்படித்தான்.

நடந்ததை வரிசையா பாருங்க. ஹல் முதல்ல ஒரு ஷாட் அடிக்கிறார். பஃபலோ கோலி (கோல்கீப்பர்) ஹாஷெக் தடுக்கிறார். பக் திரும்பி வந்து ஹல்லோட இடது ஸ்கேட்ல படுது. அதைக் காலால தள்ளித் தன் மட்டைக்குக் கொண்டு வர்றார், கீழே விழுந்து கிடக்கிற ஹாஷெக்கைத் தாண்டி அடிக்கிறார். காலால உதைச்சு நேரா வலைக்குள்ள தள்ளினாத்தான் தப்பு. காலால தன் மட்டைக்குத் தள்ளிக்கிறதுல தப்பே இல்லை. முதல் ஷாட்லேர்ந்து கடைசி ஷாட் வரை வேற எவனும் பக்கை எடுத்துக்கல. கட்டுப்பாடு முழுக்க ஹல்கிட்ட. கட்டுப்பாட்டோட இருக்கிறவன் கிரீஸுக்குள்ள கால் வைக்கலாம்னு மார்ச் மாசமே லீக் சுற்றறிக்கை அனுப்பியாச்சு. நடுவர் பிரிவுத் தலைவர் பிரையன் லூயிஸ் அன்னிக்கு ராத்திரியே இதைத்தான் சொன்னார்.

பஃபலோ_பக்தன்:
சுற்றறிக்கை! ரசிகனுக்குத் தெரியாது, டிவியில பேசினவங்களுக்குத் தெரியாது. கோப்பையைக் கொடுத்த பிறகு அலமாரியிலேர்ந்து எடுத்துக் காட்டினா அதுக்குப் பேர் விதியா?

சரி, உங்க கட்டுப்பாட்டுக்கே வரேன். ஷாட் அடிச்சாச்சுன்னா பக் உங்க கையை விட்டுப் போயாச்சு. கோலி தடுத்துட்டார், பக் அநாதையா கிடக்கு. அநாதை பக்குக்கு ஹல் எப்படி முதலாளி ஆனார்? ஸ்கேட் உள்ள. பக் வெளிய.

மத்திய_ஐஸ்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "கட்டுப்பாடு" என்றால் என்ன என்பதை முதலில் இருவரும் வரையறுத்துக்கொண்டால் நல்லது. மட்டையில் பட்டாலே போதுமா, பக்கை நகர்த்திச் செல்ல வேண்டுமா?

நீலக்கோடு:
கோலி தடுத்த பக் கோலிக்குச் சொந்தமாயிடாது. பிடிச்சு வெச்சாத்தான் சொந்தம். மேல பட்டுத் தெறிச்சா அது கை மாறினதா கணக்கே இல்லை. எத்தனை தடவை சொல்றது?

கோல்கம்பம்:
கோலி கோலின்னு எழுதாதீங்கப்பா, விராட் எப்ப ஐஸ்ல இறங்கினார்னு தேட வேண்டியிருக்கு. கிரீஸ்னு வேற எழுதுறீங்க. ரன் அவுட்டான்னு கேட்டு யாராவது வந்து நிக்கப்போறாங்க.

நீலக்கோடு:
கிரிக்கெட் கோடு இல்லை தம்பி. வலை 6 அடி அகலம். ரெண்டு கம்பத்துக்கும் வெளிய ஒவ்வொரு அடி, ஆக 8 அடி அகலத்துக்கு நீல வண்ணம், முன்னாடி வளைவு. அந்த சீசன்லதான் பக்கவாட்டை வெட்டிச் சுருக்கினாங்க. அதுக்கு முந்தி முழு அரைவட்டமா இருந்தது. அதே வருஷம் கோல் கோட்டையும் பின் சுவர்லேர்ந்து 11 அடியை 13 அடி ஆக்கினாங்க.

பஃபலோ_பக்தன்:
நன்றி வாத்தியாரே. சுருக்கின பிறகும் ஸ்கேட் உள்ளதான் இருந்துச்சு. சீசன் பூரா கால் விரல் நுனி பட்டதுக்கெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து கோலை அழிச்சாங்களே, கோலிக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லாதப்பகூட? ஜூன் 19 ராத்திரி மட்டும் ஏன் கருணை? டல்லாஸ் ஆட்டக்காரங்க எல்லாம் ஐஸ்ல இறங்கிக் கட்டிப்பிடிச்சுட்டாங்க, இனிமே யார் நிறுத்துறதுன்னு விட்டுட்டாங்க.

நீலக்கோடு:
வீடியோ நடுவர் பார்த்தார்னு லீக் சொல்லியிருக்கு. நீங்க பார்க்கலைன்னா யாருமே பார்க்கலைன்னு ஆகிடுமா? தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்ங்கிறீங்க. ஹல்லுக்கோ உங்க கண்ணுக்கு ஒரே கால்தான் தெரியுது.

இன்னொண்ணு. அந்த கோலை அழிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆட்டம் 1-1, நடுப்பகுதியில ஃபேஸ்ஆஃப் (ரெண்டு அணிக்கும் நடுவுல பக்கைப் போட்டுத் தொடங்குறது), திரும்ப ஆட்டம். பஃபலோ ஜெயிச்சாலும் தொடர் 3-3, ஏழாவது ஆட்டம் டல்லாஸ்ல. 114 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம் வந்த அணி அது. நீங்க 91 புள்ளியோட கிழக்குப் பிரிவுல ஏழாவதா பிளேஆஃபுக்குள்ள நுழைஞ்சவங்க.

பஃபலோ_பக்தன்:
ஏழாவதா நுழைஞ்சு ஒட்டாவாவை 4-0, பாஸ்டனை 4-2, டொரோண்டோவை 4-1. புள்ளி மட்டும் போதும்னா பிளேஆஃப் எதுக்கு, ஏப்ரல்லயே கோப்பையைப் பார்சல் பண்ணிடலாமே.

நீலக்கோடு:
டொரோண்டோ தொடர் பூரா மாற்று கோலி ரோலோசன்தான் ஆடினார்னு போன தடவை அடிச்சு விட்டவர் நீங்கதானே? ஹாஷெக்குக்குத் தொடை இடுக்குல அடி. முதல் ரெண்டு ஆட்டம்தான் ரோலோசன்.

பஃபலோ_பக்தன்:
அதை அன்னிக்கே திருத்திட்டேன். நீங்க இன்னும் மடியில கட்டிக்கிட்டுத் திரியுறீங்க.

கோல்கம்பம்:
ரெண்டு பேரும் ஹல் காலையே பிடிச்சுக்கிட்டிருக்கீங்க. அந்த ஆட்டத்துல டல்லாஸ் கோல்கீப்பர் பெல்ஃபோர் 53 ஷாட் தடுத்தார், ஹாஷெக் 48. டல்லாஸுக்கு லெஹ்டினென் ஒரு கோல், பஃபலோவுக்கு ஸ்டூ பார்ன்ஸ் ஒரு கோல், அப்புறம் 114 நிமிஷம் 51 விநாடி வரை ஒண்ணுமே இல்லை. அதைப் பத்தி ஒரு வரி?

நீலக்கோடு:
அதை எழுதினா பக்தர் படிக்க மாட்டார். பிளேஆஃப்ல ஆறு வெற்றி கோல் அடிச்சு கான் ஸ்மைத் (பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கின டல்லாஸ் நியூவெண்டைக் பேரையே இங்க ஒருத்தரும் எடுக்கல, கவனிச்சீங்களா?

மத்திய_ஐஸ்:
அந்த கிரீஸ் விதியையே லீக் அடுத்த சீசனில் தூக்கிவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பஃபலோ_பக்தன்:
பார்த்தீங்களா! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

நீலக்கோடு:
ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி வீடியோ பார்த்தே ஜனங்க வெறுத்துப் போனதால தூக்கினாங்க. விதி முட்டாள்தனமானதுன்னு நீங்களே மேல சொல்லிட்டு, இப்ப அதே விதியை ஹல் மேல மட்டும் கறாரா போடணும்ங்கிறீங்க.

பஃபலோ_பக்தன்:
முட்டாள் விதின்னாலும் ஜூன் வரைக்கும் விதிதானே. ஸ்கேட் உள்ள, பக் வெளிய.

நீலக்கோடு:
கட்டுப்பாடு.

கோல்கம்பம்:
நான் ஹார்ட் விருது (சீசனோட மதிப்புமிக்க ஆட்டக்காரர்) பக்கம் போறேன். கோலும் கோலுக்கு உதவினதும் சேர்த்து 127 புள்ளி எடுத்த பிட்ஸ்பர்க் யாகருக்குக் கொடுத்தது சரிதான்.

பஃபலோ_பக்தன்:
சரியா? .937 தடுப்பு விகிதம் வெச்சிருந்த ஹாஷெக்கை விட்டுட்டா? அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் அவர்தான் வாங்கினார், நினைவிருக்கா?

நீலக்கோடு:
ஆரம்பிச்சுட்டார்யா.