சோப் சீரியல் கதையை அறிக்கை நடையில் எழுதலாமா?

பொன்னி:
ஆங்கில விக்கிப்பீடியாவில் அமெரிக்க, பிரிட்டிஷ் சோப் சீரியல்களின் (வருடக்கணக்கில் ஓடும் டிவி தொடர்கள்) கதைச்சுருக்கம் படித்திருப்பீர்கள். கொலை, கடத்தல், செத்தவர் உயிரோடு திரும்புவது, எல்லாமே நிகழ்காலத்தில், செயப்பாட்டு வினையில், தணிக்கை அறிக்கை மாதிரி ஓடும். இந்த நடை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரில் 2001-இல் வந்தது. அப்பாவின் சகோதரன் ஹாரியுடன் ஸ்பெயினுக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறாள் ஜோயி. அக்கா கேட் ஸ்லேட்டர் விடமாட்டேன் என்கிறாள். சண்டை தெருவுக்கு வருகிறது. நீ ஒன்றும் என் அம்மா இல்லையே என்று ஜோயி கத்த, நான்தான் உன் அம்மா என்று இவளும் கத்திவிடுகிறாள். 13 வயதில் அந்த ஹாரி தன்னைச் சீரழித்ததால் பிறந்த மகளை, இத்தனை வருடமும் தங்கை என்று சொல்லி வளர்த்தவள். அதே ஆள் ஜோயியையும் கூட்டிப்போகப் பார்க்கும்போதுதான் வாயைத் திறக்கிறாள்.

அறிக்கை நடையில் இது 'ஜோயியின் தாய் கேட் என்பது தெரியவருகிறது' என்று ஆகிவிடும். யார் சொன்னது, யாரிடம், ஏன் அன்றைக்கு? ஒன்றும் இல்லை. இழவு வீட்டில் நின்று சொத்துக் கணக்கு வாசிப்பது போல இருக்கிறது.

கரிசல்:
முழுக்க மறுக்கிறேன். சோப் என்பது வாரத்துக்குப் பல நாள், பல பத்தாண்டுகள் ஓடுவது. அமெரிக்கத் தொடரான 'ஜெனரல் ஹாஸ்பிடல்' 1963-இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு திருப்பத்தையும் அதன் சூட்டோடு எழுதினால் பத்தாவது வரியில் படிப்பவருக்கு மரத்துப்போகும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதே தொடரில் 1979-இல் டிஸ்கோ தளத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்க, லூக் லாராவைப் பலாத்காரம் செய்கிறான். அப்புறம் இருவரையும் காதல் ஜோடி ஆக்கினார்கள். 1981 நவம்பரில் அவர்கள் கல்யாணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். நடந்த குற்றத்தை ஏதோ மயக்கத்தில் நடந்தது போலப் பூசி மெழுகினார்கள். 1998-இல் மகன் லக்கிக்கு விஷயம் தெரியவரும்போதுதான் தொடரே அதை நேராக எடுத்துப் பேசியது. இசையும் நடிகர்களின் முகமும் சேர்ந்து பார்ப்பவர்களை அவ்வளவு காலம் ஏமாற்றியது. 'லூக் லாராவைப் பலாத்காரம் செய்கிறான்' என்ற உணர்ச்சியற்ற வரி யாரையும் ஏமாற்றாது.

பொன்னி:
கரிசல் சார், நீங்கள் காட்டிய வரியில் செய்தவன் பெயர் இருக்கிறது, செயல் இருக்கிறது. அது நேரான நடை. நான் குறைசொல்வது விலகல் நடையை. அது 'அச்சம்பவத்தைத் தொடர்ந்து இருவருக்கும் உறவு மலர்கிறது' என்று எழுதும். பூசி மெழுகுவதற்கு இதைவிட வசதியான மொழி கிடையாது.

இன்னொன்று. கல்யாணம் நடந்த அதே 1981-இல், மிக்கோஸ் காசடைன் என்பவன் வானிலை இயந்திரம் வைத்து ஊரையே உறையவைக்கப் பார்க்கிற கதையும் வந்தது. சுருக்கத்தில் அதற்கும் லாராவுக்கு நடந்ததற்கும் ஒரே எடை, ஒரே நீளம், ஒரே தொனி. தொடரைப் பார்க்காதவர் எது முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

அந்திமழை:
பொன்னி அக்கா, சுருக்கம் பார்க்காதவருக்காகவா எழுதப்பட்டது? வீடியோ ரெக்கார்டர் வீடுகளில் பரவாத காலம், 1975-இல் 'சோப் ஓபரா டைஜஸ்ட்' பத்திரிகை வந்தது. பகலில் வேலைக்குப் போனதால் எபிசோடைத் தவறவிட்டவர்கள் யார் யாரோடு இருக்கிறார்கள், யார் கோமாவில் கிடக்கிறார்கள் என்று அதில் பார்த்துக்கொள்வார்கள். அந்த முகங்களை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். 'கேட் தாய்' என்ற இரண்டே சொல் போதும், மீதி அவர்களுக்குத் தானாக வரும்.

தூரிகை:
அந்தக் காலத்துக்குச் சரி. இன்று நிலைமை வேறு. 60-களிலும் 70-களிலும் எடுத்த பகல்நேர சோப் எபிசோடுகளில் ஏராளமானவை இல்லவே இல்லை. டேப் விலை அதிகம் என்று அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சி பதிவு செய்தார்கள். பல கதாபாத்திரங்களுக்கு எஞ்சியிருப்பதே இந்தச் சுருக்கம்தான். அதிலும் கல்யாணம், விவாகரத்து, மரணம் என்று பட்டியல் போட்டால் அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது அடியோடு போய்விடும். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

கரிசல்:
தூரிகை, அப்படியானால் இன்னும் கவனமாக அல்லவா இருக்க வேண்டும்? டேப் இல்லை, எழுதுகிறவர் பார்க்கவும் இல்லை. 'கண்ணீர் மல்க' என்று எந்த ஆதாரத்தில் எழுதுவார்? பழைய பத்திரிகைக் குறிப்பில் இருப்பதை மட்டும் எழுதுவதுதான் நேர்மை.

திருப்பம் வலுவாக இருந்தால் நடைக்கு வேலையும் இல்லை. 'டாலஸ்' தொடரில் இறந்துபோன பாபி 1986-இல் குளியலறை ஷவரில் நிற்கிறான். முந்தைய சீசன் முழுவதும் அவனுடைய முன்னாள் மனைவி பாம் கண்ட கனவு. இந்த வரியில் உணர்ச்சி காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. படித்தவுடன் நிமிர்ந்து உட்காரவில்லையா?

பொன்னி:
கண்ணீர் மல்க எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஹாரியுடன் ஜோயி போவதைத் தடுக்கும்போது, தானே அவள் தாய் என்று கேட் தெருவில் வைத்துச் சொல்லிவிடுகிறாள்.' இதில் எந்தச் சொல்லுக்கு ஆதாரம் இல்லை?

கரிசல்:
எதற்கும் குறையில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான எபிசோடுகளுக்கும் இப்படி எழுத முடியுமா? எதை விரிப்பது, எதை விடுவது என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி முடிவு செய்வார்கள். பொதுவான, சீரான நடை இருந்தால் அந்தச் சிக்கல் வராது.

பொன்னி:
வரட்டுமே. வானிலை இயந்திரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு லாராவுக்கு ஒரு பத்தி கொடுங்கள். தவறு என்று நினைப்பவர் விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கத்தில் வந்து சண்டை போடட்டும்.