புதுப்பிப்பு: கொரிய அஞ்சல் தலையில் இருப்பது கொமுன்கோதான்

தென்கொரியாவின் 1974ஆம் ஆண்டு இசைக்கருவி வரிசை அஞ்சல் தலை ஒன்றைக் காட்டி, அதிலுள்ள நீண்ட நரம்புக் கருவி காயாகுமா, கொமுன்கோவா (இரண்டும் கொரியாவின் மரபு இசைக்கருவிகள்) என்று இங்கே கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

விடை: கொமுன்கோ.

மரபான காயாகுமுக்கு 12 நரம்புகள், கொமுன்கோவுக்கு 6. ஆனால் என் அஞ்சல் தலையில் முத்திரை நரம்புகளின் மேலேயே விழுந்திருந்ததால் எண்ண முடியவில்லை. "நரம்புகளை விடுங்கள், மெட்டுகளைத் தேடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மெட்டு என்பது நரம்பை அழுத்திப் பிடிப்பதற்காக அதன் கீழே குறுக்கே நிற்கும் கட்டை. கொமுன்கோவில் 16 மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். உயரமானவை, ஒரு முனையிலிருந்து படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். மரபான காயாகுமில் மெட்டுகளே கிடையாது, நரம்புக்கு ஒன்றாக நகர்த்தக்கூடிய குதிரைகள் (நரம்பைத் தாங்கி நிற்கும் சிறு தாங்கிகள்) மட்டுமே. உருப்பெருக்கியில் மெட்டு வரிசை தெளிவாகத் தெரிந்தது.

எதிர்பாராதது ஒன்று: கொமுன்கோவிலும் குதிரைகள் உண்டு! நடுவிலுள்ள மூன்று நரம்புகள் மெட்டுகளின் மேல் செல்கின்றன, மற்ற மூன்றையும் குதிரைகள் தாங்குகின்றன. எனவே குதிரையைப் பார்த்ததும் காயாகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வாசிப்பவரும் படத்தில் இருந்தால் வேலை இன்னும் எளிது. கையில் மூங்கில் குச்சி இருந்தால் கொமுன்கோ. வெறும் விரல்களால் மீட்டினால் காயாகும்.