மறு: ஸ்வாஷ்ப்ளேட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம் – சாய்வுத்தட்டு, ஆடுதட்டு, சாய்தட்டு

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழைல வந்த மடல் எல்லாத்தையும் நேத்து ராத்திரி மறுபடி ஒரு தடவ படிச்சேன். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க. புதுசா ரிமோட் ஹெலிகாப்டர் வாங்குறவங்களுக்குத் தமிழ்ல ஒரு செட்டப் கையேடு எழுதிட்டிருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன்ல, அதுல முதல் அத்தியாயத்துலயே ஸ்வாஷ்ப்ளேட்ங்கற இந்த ஒரு சொல்லுல வண்டி நின்னுபோச்சு.

ஹெலி பக்கம் வராதவங்களுக்காக முதல்ல சாமான் என்னன்னு சொல்லிடுறேன். நடுத்தண்டுல கோத்த மாதிரி ஒரு வட்டத்தட்டு இருக்கும், உண்மைல அது ரெண்டு வளையம். கீழ் வளையம் சுத்தாது, மேல் வளையம் றெக்கையோட சேந்து சுத்தும், ரெண்டுக்கும் நடுவுல பேரிங். கீழ் வளையத்த மூணு சர்வோ, அதாவது ரிமோட் சொல்ற அளவுக்குக் கைய நகத்துற குட்டி மோட்டார், 120 டிகிரி இடைவெளில பிடிச்சிருக்கும். மூணும் ஒண்ணா தூக்குனா தட்டு மட்டமாவே மேல ஏறும், எல்லா றெக்கைக்கும் கோணம் ஒரே அளவு கூடும், ஹெலி மேல போகும். ஒண்ணு தூக்கி இன்னொண்ணு இறக்குனா தட்டு ஒரு பக்கமா சாயும், அப்ப றெக்கை ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள ஒரு பக்கத்துல கோணம் கூடி எதிர்ப்பக்கத்துல குறையும், ஹெலி அதுக்கேத்த மாதிரி முன்னாடியோ பக்கவாட்டுலயோ நகரும். நிக்கிற உடம்புல இருந்து சுத்துற தலைக்கு சேதி கொண்டுபோறது இந்தத் தட்டுதான்.

என் முதல் வரைவுல “சாய்வுத்தட்டு”ன்னுதான் போட்டிருந்தேன். ஒம்பதாவது படிக்கிற அக்கா பையன்கிட்ட அந்தப் பக்கங்களையும் என்னோட பழைய 450 சைஸ் ஹெலியையும் குடுத்து, நீயே படிச்சு செட் பண்ணு, நான் வாயத் தொறக்கமாட்டேன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன். அரமணி நேரத்துல அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, இதை எந்தப் பக்கமா எவ்வளவு சாய்ச்சு வைக்கணும்னு நீங்க எழுதவே இல்லையே?”

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னா செட்டப்ல முதல் வேலையே அந்தத் தட்ட மட்டமா வைக்கிறதுதான். மோட்டார் வயர் மூணுல ரெண்ட கழட்டி விட்டுட்டு, ரிமோட் ஸ்டிக்க நடுவுல வச்சு, சர்வோ கை லிங்க்குக்கு (சர்வோவையும் தட்டையும் இணைக்கிற கம்பி) நேர் செங்குத்தா இருக்கான்னு பாத்து, அப்புறம் லிங்க்க அரைச் சுத்து அரைச் சுத்தா முறுக்கி, தட்டு எல்லாப் பக்கமும் தண்டுக்கு 90 டிகிரில நிக்கிற வரைக்கும் சரி பண்ணணும், அந்த நிலைல ஃப்ளைபார்லெஸ் ஹெலில (றெக்கையோட சேந்து சுத்துற நிலைப்படுத்துற கம்பி இல்லாத வகை) றெக்கைக் கோணம் பூஜ்ஜியமா இருக்கணும். இதெல்லாம் எழுதியிருந்தேன்தான். ஆனா பேருலயே “சாய்வு”ன்னு இருந்ததால, இது சாஞ்சே இருக்கவேண்டிய சாமான்னு பையன் முடிவு பண்ணிட்டான். தப்பு அவன்மேல இல்ல, நான் வச்ச பேருமேல.

அதனால ஒரு கலைச்சொல்ல அகராதில மட்டும் வச்சுப் பாக்கக்கூடாது, வேலை சொல்ற வாக்கியத்துல போட்டு ஓட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணுது. இங்க வந்த பரிந்துரை எல்லாத்தையும் அப்படித்தான் பாத்தேன்.

> ஆடுதட்டு எண்டு வைக்கலாம். ஜெர்மன்காரரும் தள்ளாடுற தட்டு எண்டுதானே சொல்லினம்.

அண்ணா, ஜெர்மன் பேரு நீங்க சொன்ன மாதிரியேதான், டௌமெல்ஷைபெ, தள்ளாடுற வட்டு. மாடல் ஹெலிகாப்டர பறக்கவச்ச முன்னோடிகள்ல ஒருத்தரான டீட்டர் ஷ்லூட்டர் அந்த நாட்டுக்காரர்ங்கறதால அவங்க சொல்லுக்கு இந்தத் துறைல தனி மரியாதை எனக்கும் உண்டு. ஆனா நம்ம பட்டறைல “ஆடுது”ன்னா அர்த்தமே வேற. வீல் ஆடுது, பேரிங்ல ஆட்டம் இருக்குன்னா தேஞ்சுபோச்சு, மாத்துன்னு அர்த்தம். இந்தத் தட்டுல கண்டுபிடிக்கவேண்டிய முக்கியமான கோளாறும் அதேதான், விரலால பிடிச்சு அசைச்சுப் பாத்து, சர்வோ நகராம தட்டு மட்டும் நகந்தா பால் லிங்க், அதாவது லிங்க் முனைல இருக்கற குண்டு மூட்டு, லூசாயிருச்சு. இப்ப வாக்கியத்துல போடுங்க: “ஆடுதட்டு ஆடக்கூடாது.” புதுசா வர்றவன் இதைப் படிச்சு என்ன செய்வான்? ஆட்டங்கற சொல்ல அந்தக் கோளாறுக்கே விட்டுடுவோம், மெக்கானிக்குங்க ஏற்கெனவே வச்சிருக்கற நல்ல சொல் அது.

ஏவுதட்டுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க. கட்டளைய ஏவுற தட்டு, அர்த்தம் ரொம்ப அழகு, நானும் ரெண்டு நாள் அதுலயே கிடந்தேன். ஆனா ஏவுதளம், ஏவுகணை எல்லாம் பேப்பர்ல தினம் படிக்கிறவங்க பறக்குற சாமான் பக்கத்துல ஏவுதட்டுன்னு பாத்தா அதுமேல வச்சுத்தான் கிளப்பணும்போலன்னு நினைப்பாங்க. துலாத்தட்டும் அப்படித்தான். தராசு மாதிரி மட்டமா நிக்கணும்ங்கறது உடனே புரியும், ஆனா இதே கையேட்டுல ரெண்டு றெக்கையையும் நிஜத் தராசுல வச்சு எடை ஒத்துப்போகுதான்னு பாக்குற இடம் வருது, அங்க குழப்பிடும்.

சுழற்சித் தட்டுன்னு வந்ததுக்கு ஃப்ரெஞ்ச் சொல்தான் காரணம்னு நினைக்கிறேன், ப்ளாட்டோ சிக்லீக். அவங்க சொல்ல வர்றது சுத்துக்கு சுத்து கோணம் மாறுறதை. தமிழ்ல சுழற்சின்னா சுத்துறதுதான் நினைவுக்கு வரும், ஆனா பாதித் தட்டு சுத்தவே சுத்தாது.

இப்ப இழைல எல்லாரையும் நிறுத்தி வச்ச கேள்விக்கு வர்றேன்:

> தட்டு சாய மட்டுமா செய்யுது, மேலயும் கீழயும்கூடத்தானே போகுது? சாய்ங்கற வேர வச்சா பாதி வேலை விட்டுப்போகுதே?

நியாயமான கேள்வி, எங்கிட்ட இதுக்கு ஒரு வாரமா பதில் இல்ல. அப்புறம் அலமாரில கிடந்த ரெண்டு ஹெலிய எடுத்து மேசைமேல வச்சதும் விடை கண்ணுமுன்னாடி இருந்துச்சு. ஒண்ணு, ஒண்ணுக்குமேல ஒண்ணா எதிரெதிரா சுத்துற ரெட்டை ரோட்டர் போட்ட சின்ன ஹெலி, பெரும்பாலானவங்க பழக ஆரம்பிக்கிற வகை. அதுல றெக்கைக் கோணத்த மொத்தமா கூட்டிக் குறைக்க வழியே கிடையாது, மோட்டார் வேகத்தக் கூட்டித்தான் மேல ஏறும். ஆனா ரெண்டு சர்வோவோட தட்டு இருக்கு, அது சாய மட்டும்தான் செய்யுது, ஏறி இறங்குறதே இல்ல, இருந்தும் அதுக்குப் பேரு ஸ்வாஷ்ப்ளேட்தான். இன்னொண்ணு 450, அதோட வால் ரோட்டரப் பாருங்க, அங்கயும் தண்டுல கோத்து நகர்ற ஒரு சாமான் இருக்கு, அதோட கோணத்த மொத்தமா மாத்தறதே அதுதான், ஆனா அது சாயாது, உள்ளயும் வெளியயும் வழுக்கும், அவ்வளவுதான். அத யாரும் ஸ்வாஷ்ப்ளேட்னு சொல்றதில்ல, ஸ்லைடர்னுதான் சொல்றாங்க. ஆகமொத்தம், ஏறி இறங்காட்டியும் அது ஸ்வாஷ்ப்ளேட்தான், சாயாட்டி ஸ்வாஷ்ப்ளேட்டே இல்ல. ரஷ்யாக்காரங்களும் இதுக்கு ஆவ்டமாட் பெரெகோசாங்கறாங்க, அதுலயும் கோணலா சாய்க்கிற பொருள்தான் இருக்கு. 1911ல போரிஸ் யூரியெவ் இந்தப் பொறிய வடிவமைச்ச காலத்துல இருந்து அவங்களுக்கு அதுல ஒரு சொந்தம்.

அதனால வேர் சாய்தான். பையன் தடுமாறுனது வேர்ல இல்ல, நான் சேத்த “வு”ல. சாய்வுத்தட்டுன்னா சாய்வ உடைய தட்டு, சாஞ்சது சாஞ்சபடி இருக்கும். சாய்தட்டுன்னா வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, சாஞ்ச தட்டு, சாயுற தட்டு, சாயப்போற தட்டு மூணும் அதுக்குள்ள அடக்கம், இப்ப மட்டமா நிக்கலாம், நீ ஸ்டிக்க அசைச்சா சாயும். நடுவுல த் போட்டு சாய்த்தட்டுன்னு யாரும் எழுதிடாதீங்க, வினைத்தொகைல வல்லினம் மிகாது, அந்த ஒத்து வந்துட்டா நமக்கு வேண்டிய பொருளே போயிடும்.

சாய்தளம்னா பள்ளிக்கூடப் புத்தகத்துல அசையாத சரிவுதானே, அதே குழப்பம் இங்கயும் வராதான்னு ஒரு தோழி கேட்டிருந்தாங்க. நானும் பயந்தேன். அதனால கையேட்டுல சொல்ல மட்டும் மாத்தி, பையனோட கூட்டாளி ஒருத்தன்கிட்ட குடுத்தேன், ஹெலியத் தொட்டே பாக்காதவன். அவன் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஸ்டிக்க ஆட்டுனா அங்கிள் இது சாயும்?” அதுதான் நான் தேடுன கேள்வி. ரெண்டு பசங்கள வச்சு ஊரையே அளந்துட முடியாதுன்னு தெரியும், ஆனா ரெண்டு கேள்விக்கும் உள்ள தூரம் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது.

சாய்வுத்தட்டையும் தூக்கிப் போடவேண்டாம்ங்கறது என் கருத்து. ஹைட்ராலிக் பிஸ்டன் பம்ப்லயும் ஸ்வாஷ்ப்ளேட்ங்கற பேருலயே ஒண்ணு இருக்கு, அதுல ஒரு வகைல தட்டு நிலையான கோணத்துல சாஞ்சேதான் இருக்கும், அதுக்கு சாய்வுத்தட்டுங்கறது கச்சிதமாப் பொருந்தும். ஆங்கிலத்துல ஒரே சொல்லா இருக்கேன்னு நாமளும் ஒரே சொல்லுல அடைக்கணுமா என்ன?

கீழ் வளையத்துக்கு நிலைவளையம், மேல் வளையத்துக்கு சுழல்வளையம். இதுல யாருக்கும் மறுப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன். பிட்ச்சுக்கு றெக்கைக் கோணம்னே போட்டுட்டேன், புத்தகத்துல இருக்கற புரியிடைத் தூரம் திருகுக்கு சரி, இங்க எடுபடாது. இறக்கைன்னு எழுதணும்னு சிலர் சொல்றீங்க, ஃபேன் கடைல றெக்கைன்னுதான் கேக்குறோம், எனக்கு அதுவே போதும்.

சரி, எல்லாத்தையும் சேத்து ஒரு பத்தி எழுதிப் பாத்தேன்:

“ஸ்டிக்கை நடுவில் வையுங்கள். சாய்தட்டு மட்டமாக இருக்கவேண்டும். ஸ்டிக்கை மெதுவாக முழுதும் ஏற்றுங்கள். சாய்தட்டு சாயாமல் மட்டமாகவே ஏறவேண்டும். ஏறும்போது ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்து சர்வோவின் பயண அளவைச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் எதிர்த்திசையில் இறங்கினால் அந்த சர்வோ தலைகீழாக அமைந்திருக்கிறது. நிலைவளையத்தை விரலால் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.”

எனக்கு எங்கயும் இடறல. முன்பக்கம் ஸ்டிக்க தள்ளுனா சாய்தட்டும் முன்பக்கம் சாயும், ஆனா மேலருந்து பாத்தா கடிகாரச் சுத்துல சுத்துற ஹெலில கோணம் கூடுறது வலப்பக்கம் வர்ற றெக்கைக்கு, ஏன்னா அதோட விளைவு கால் சுத்து தள்ளித்தான் தெரியும். அந்த விளக்கம் மட்டும் இன்னும் கரடுமுரடா இருக்கு, கால் சுத்து பின்தங்கி வர்றதுக்கு ஒரு நல்ல சொல் கிடைச்சா அடுத்த இழைல சொல்லுங்க.

இப்ப உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மேல இருக்கற பத்திய ஹெலிகாப்டர் பழக்கமில்லாத யாராவது ஒருத்தருக்குப் படம் காட்டாம வாசிச்சுக் காட்டுங்க, அவங்க முதல்ல என்ன கேக்குறாங்களோ அத அப்படியே இங்க எழுதுங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது “எவ்வளவு சாய்ச்சு வைக்கணும்”னு கேட்டுட்டா, சாய்தட்ட எடுத்துட்டு முதல்ல இருந்து தேடுவோம்.

அன்புடன்