குப்பைத் தொட்டி உணவுக்குத் தடை: எதிர்க்க உதவி வேண்டும்

வணக்கம். கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் ஊரில், கடைகளின் குப்பைத் தொட்டியிலிருந்து எதை எடுத்தாலும் அபராதம் என்று சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் நகர மன்றக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசப் போகிறேன்.

உறை பிரிக்காத ரொட்டி, ஒரே ஒரு முட்டை உடைந்ததற்காக வீசிய முழு டஜன். இதை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடமா அபராதம் வாங்குவது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1988 கிரீன்வுட் தீர்ப்பைக் கூட்டத்தில் காட்டச் சொல்லிச் சிலர் சொல்கிறார்கள். அது குப்பையைப் போலீஸ் சோதிப்பது பற்றியது, இங்கே நிற்காது என்று நினைக்கிறேன். சரிதானா? 2022 முதல் பெரிய மளிகைக் கடைகள் மிஞ்சும் நல்ல உணவைத் தானமாகத் தர வேண்டும் என்கிறதே கலிபோர்னியா மாநிலச் சட்டம் எஸ்.பி. 1383, அதை வைத்துப் பேசலாமா?

சட்டம் தெரிந்தவர்கள், உங்கள் ஊரில் இப்படி எதிர்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அப்புறம், பக்கத்தில் இருப்பவர்கள் கூட்டத்துக்கும் வாருங்கள்.