நிறச் சீர்மை: மானிட்டர் ப்ரொஃபைல் குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். திருமணப் படங்களைத் திருத்தும் தொழிலில் இருக்கிறேன். நிறம் சார்ந்த ஒரு சிக்கலில் உங்கள் வழிகாட்டுதலை வேண்டுகிறேன். பி3 எனும் விரிந்த நிறவெளியின் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) பெரும்பகுதியைக் காட்டும் என் மானிட்டரை, 6500 கெல்வின், காமா (இருளிலிருந்து வெளிச்சம் வரை ஒளி ஏறும் விதம்) 2.2, திரையின் ஒளி 100 நிட்ஸ் என்ற அளவுகளுக்கு, நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கொண்டு சீரமைத்து, அப்போது உருவான ப்ரொஃபைலை (திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று செயலிகளுக்குச் சொல்லும் கோப்பு) விண்டோஸில் அமைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் அரக்குப் பட்டுப்புடவை கண்ணால் பார்த்த நிறத்திலேயே தெரிகிறது. ஆனால் அதே எஸ்ஆர்ஜிபி (பி3-ஐவிடக் குறுகிய, பொதுவான நிறவெளி) கோப்பை, ப்ரொஃபைலைப் பொருட்படுத்தாத செயலி ஒன்றில் திறந்தால், புடவையின் சிவப்பு தூக்கலாகி, மணமக்களின் முகங்களும் வெயிலில் நின்றவர்களைப் போலச் சிவந்துவிடுகின்றன.

மானிட்டரை அதன் எஸ்ஆர்ஜிபி பயன்முறைக்கு மாற்றி, அந்த நிலையிலேயே மீண்டும் அளந்து புதிய ப்ரொஃபைல் உருவாக்குவது நல்லதா, அல்லது முழு நிறவீச்சையும் வைத்துக்கொண்டு ப்ரொஃபைலை மதிக்கும் செயலிகளை மட்டும் பயன்படுத்துவது நல்லதா? ஆல்பம் அச்சிடும் லேப் எஸ்ஆர்ஜிபி கோப்புகளையே கேட்பதால் முதல் வழியே பொருத்தமென எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட என்னை வாட்டுவது, அச்சில் நிழற்பகுதிகள் இருண்டு, புடவையின் மடிப்புகள் மறைந்துபோவதுதான். அந்த லேப் தன் தாளுக்குரிய ப்ரொஃபைலைத் தருவதில்லை. அது இல்லாமல் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே முன்கூட்டிக் காண்பது) பார்ப்பதில் பொருளில்லை. இந்நிலையில் திரையின் ஒளியை 80 நிட்ஸ் வரை குறைத்துப் பணிபுரிவோர் இருந்தால், உங்கள் அறையின் வெளிச்சம் எப்படி அமைந்துள்ளது என்பதையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.