“ம்” என்றால் 220, “ஆ” என்றால் 440: சுருதி காட்டும் கருவியில் குழப்பம்

கேட்டவர்:
பாடும்போது சுருதி எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்ட ஒரு சின்னக் கருவி செய்கிறேன். ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு), மேக்ஸ்4466 மைக் மாட்யூல், ஒரு எல்சிடி, அவ்வளவுதான். சிக்னல் அதன் நடு மதிப்பான 512-ஐக் கடந்து மேலே போகும் ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன். போனில் 220 டோன் வைத்தால் கச்சிதமாக 220. அதே சுருதியில் நான் பாடினால் 440, 660, நடுவில் ஒரு 300 என்று ஓடுகிறது. மைக்கை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

மறுமொழி 1:
கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகமாக இருக்கும். மாட்யூலின் பின்பக்க ஸ்க்ரூவைக் குறைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
குறைத்தேன். அதே கதைதான்.

மறுமொழி 2:
வாயை மூடிக்கொண்டு “ம்” என்று அதே சுருதியில் முனகுங்கள். என்ன வருகிறது?

கேட்டவர்:
அட, 221! “ஆ” என்று வாயைத் திறந்ததும் 440.

மறுமொழி 2:
நினைத்தேன். வயரிங் சரி, எண்ணும் முறைதான் தப்பு. 220-இல் பாடினால் 440, 660, 880 எல்லாம் கூடவே ஒலிக்கும். “ஆ” சொல்லும்போது வாயின் வடிவம் 700 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பவற்றைத் தூக்கிவிடும். அதனால் அலை ஒரே சுற்றுக்குள் இரண்டு மூன்று தடவை 512-ஐக் கடக்கிறது. நீங்கள் அத்தனையையும் எண்ணுகிறீர்கள். “ம்”மில் மேலே உள்ளவை அடங்கிவிடுகின்றன.

ஆட்டோகோரிலேஷனுக்கு மாறுங்கள். 256 சாம்பிள் (அடுத்தடுத்த சிக்னல் அளவுகள்) எடுத்து, சராசரியைக் கழித்து, அலையை அதன் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டுங்கள். எத்தனை சாம்பிள் நகர்த்தியதும் மறுபடி பொருந்துகிறதோ, அதுதான் ஒரு சுற்று. ஒரு வினாடிக்கு எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கையை அதால் வகுத்தால் ஹெர்ட்ஸ். 256 சாம்பிளுக்கு 512 பைட். ஊனோவின் 2 கேபி ராமில் தாராளமாக அடங்கும்.

மறுமொழி 1:
ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி போதாதா?

மறுமொழி 2:
ஊனோ சாம்பிள் எடுக்கும் வேகத்தில், 256 சாம்பிளுக்கு எஃப்எஃப்டி பிரிக்கும் ஒரு கட்டம் சுமார் 35 ஹெர்ட்ஸ் அகலம். 220-க்கும் அடுத்த சுரமான 233-க்கும் வித்தியாசமே தெரியாது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். 440 போயிற்று, இப்போது திடீர் திடீரென்று 110 வருகிறது! மற்ற நேரத்தில் 222, இல்லையென்றால் 217. நடுவில் எதுவுமே இல்லை.

மறுமொழி 2:
இரண்டு சுற்று நகர்த்தினாலும் அலை பொருந்துமே, அதுதான் 110. மிக உயரமான உச்சியைத் தேடாதீர்கள். அதில் 90 சதவீதத்தைத் தொடும் முதல் உச்சியிலேயே நின்றுவிடுங்கள். 222, 217 வருவது, நகர்த்தல் முழு எண்ணாக இருப்பதால். உச்சியையும் இருபக்க மதிப்புகளையும் வைத்து ஒரு பரவளைவு பொருத்தினால் நடுவில் உள்ளது கிடைக்கும். அப்புறம், சாம்பிள் எடுக்கும் லூப்புக்குள் சீரியல் பிரிண்ட் (கணினிக்கு எழுத்து அனுப்பும் கட்டளை) இருந்தால் தூக்கிவிடுங்கள். 9600 பாட் (baud) வேகத்தில் ஓர் எழுத்துக்கே ஒரு மில்லிசெகண்ட் ஆகும். 256 சாம்பிளுக்கு ஆகும் நேரத்தை மைக்ரோஸ் என்ற நேரம் காட்டும் கட்டளையை வைத்து அளந்து, அந்த வேகத்தையே கணக்கில் போடுங்கள்.

கேட்டவர்:
பிரிண்ட் உள்ளேதான் இருந்தது, எடுத்துவிட்டேன். இப்போது “ஆ”வுக்கும் 220, 221. நீட்டிப் பாடினால் மட்டும் கடைசியில் 214-க்கு இறங்குகிறது. போன் டோனில் அப்படி இல்லை. சரி, அது என் மூச்சுதான்.